ஊரெல்லையை ஒரு சுற்று

வேன் கவிழ்வதற்குச் சில நிமிடங்களுக்கு முன்னால் நான் ஓட்டுநரிடம் இரண்டு முறை பேசினேன். முதல் முறை, "அண்ணா, கொஞ்சம் அழுத்துங்க, எட்டரைக்கு நான் உள்ளே இருக்கணும்" என்றேன். இரண்டாவது முறை எரிச்சலோடு, "இப்படியே போனா மத்தியானம்தான் போய்ச் சேருவோம்" என்றேன். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தார். "புடிச்சிக்கோங்க மேடம்" என்று சொல்லிவிட்டு அழுத்தினார்.

கோவளத்திலிருந்து கேளம்பாக்கத்துக்குத் திரும்பும் சாலையில், உப்பளங்களுக்கு நடுவே, வளைவு முடிகிற இடத்தில் மாடுகள் படுத்திருந்தன. அவர் ஒடித்துத் திருப்பினார். வேன் சாலையிலிருந்து இறங்கி, இரண்டு முறை உருண்டு, உப்புப் பாத்தியில் பக்கவாட்டில் போய்ப் படுத்தது.

என் கணவருக்குக் கல்பாக்கத்தில் அணு ஆராய்ச்சி வேலை. நாங்கள் அங்கே குடியிருப்பில் இருந்தோம். நான் சிறுசேரியில் ஒரு மென்பொருள் நிறுவனத்துக்குத் தினமும் அலுவலக வேனில் போய்வந்தேன். வழக்கமாக என்னோடு இன்னும் மூன்று பேர் ஏறுவார்கள். அன்றைக்கு மூவருமே விடுப்பு. ஆகவே வேனுக்குள் நடந்த பேச்சு எனக்கும் அவருக்கும் மட்டுமே தெரியும்.

எனக்கு வலது தொடையெலும்பு இரண்டு இடத்தில் முறிந்து, உள்ளே கம்பி வைத்தார்கள். அவருக்கு வலது மணிக்கட்டு நொறுங்கியது, தலையில் பதினொரு தையல். நான்காம் நாள் போலீஸ்காரர் என் கட்டிலருகில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்டார். "மாடு குறுக்கே இருந்தது" என்றேன். "வண்டி வேகமா போச்சா?" என்று கேட்டார். "கவனிக்கலை" என்றேன்.

மறுவாரம் ஓட்டுநரே சக்கர நாற்காலியில் என் வார்டுக்கு வந்தார். தலை முழுக்கக் கட்டு. "மாடு மேடம். இன்னா பண்றது. உசுரு கீதே, அது போதும்" என்றார். நான் அழுத்தச் சொன்னதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பெருந்தன்மையாக என்னைக் காப்பாற்றுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். முதலில் வந்தது நிம்மதிதான். வெட்கம் வர வாரங்கள் ஆயின.

வேன்களை நடத்திய ஒப்பந்தக்காரர் அவரை வேலையிலிருந்து எடுத்துவிட்டார். ஓட்டிக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிட்டார் என்று ஒரு பேச்சு கிளம்பி, ஓட்டுநர்கள் நடுவே பரவியது. ஒருநாள் அவருடைய மனைவி எனக்குப் போன் செய்தார்.

"நீதாம்மா வண்டியில இருந்த. உண்மைய சொல்லு. அவரு தூங்கினாரா?"

"தெரியலைக்கா. நான் போன் பாத்துக்கிட்டு இருந்தேன்."

"சரி, வச்சிடறேன்" என்றார்.

அந்த இரண்டாவது பொய்தான் என்னை ஓட்டுநரின் ஊருக்கு அழைத்துப் போனது என்று சொல்ல வேண்டும்.

ஆவணி மாதம், ஊன்றுகோலோடு நடக்கப் பழகிய பிறகு, திருக்கழுக்குன்றத்துக்குப் பஸ்ஸில் போய் அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் அவர்கள் ஊரில் இறங்கினேன். வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். வீட்டில் உட்கார்ந்து காபியைக் கையில் வாங்கியதும் வாய் வரவில்லை. அந்த அக்கா சமையல் மேடையில் சாய்ந்து நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஓட்டுநர் மெலிந்து போயிருந்தார். வலது கையின் விரல்கள் பாதிக்கு மேல் மடங்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் இருந்த மணிலாக் கடலைக் கொல்லையில் இடது கையால் களை எடுத்துக்கொண்டிருந்தாராம்.

பேச்சை எங்காவது நகர்த்தலாம் என்று, பக்கத்தில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டேன்.

"ஏரி கீது. மலையாண்ட ஒரு கொகக் கோயில் கீது, கவர்மெண்டு நீல போர்டு வெச்சிகீறான். அப்பால காடு" என்றார். "ஆடி மாசம் அம்மன் கரகத்த தூக்கிகினு எல்லைய சுத்துவோம் மேடம். ஊர ஒரு ரவுண்டு. பன்னெண்டு கிலோமீட்டர் வரும். இப்பல்லாம் பாதி தூரம் டிராக்டர்ல போய்டறானுங்க. நான் மட்டும் முழுசா நடப்பேன். இந்த ஆடிக்குத்தான் முடியல."

"இப்ப போகலாமா?" என்றேன்.

அவர் என் காலைப் பார்த்தார். அக்கா வாய்விட்டே சிரித்துவிட்டார். "தோ, தெருவாண்ட போய்ட்டு வா, பாக்கலாம்."

எனக்கு இரண்டு காரணங்கள் இருந்தன. ஒன்று, முகத்துக்கு நேரே சொல்ல முடியாததைப் பக்கத்தில் நடந்துகொண்டே சொல்லிவிடலாம் என்று தோன்றியது. இன்னொன்று, ஆறு மாதமாக எல்லோரும் எனக்குச் சமதரையை மட்டுமே அனுமதித்திருந்தார்கள். பிசியோதெரபி சொல்லிக்கொடுத்த பெண், "மேடு பள்ளம் இனி உங்களுக்கு வேண்டாம் மேடம்" என்று அன்பாகச் சொல்லியிருந்தாள். அந்த அன்பு எனக்கு ஆத்திரமூட்டியது.

அடுத்த ஞாயிறு காலையில் போய் நின்றேன். அவர் மறுத்துப் பார்த்தார், பிறகு துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

ஏரிக்கரை வரை நன்றாகத்தான் போனேன். அதற்கப்புறம் வெயில் ஏறியது. வரப்பில் ஒரு காலுக்கு முன் ஒரு காலை வைத்து நடக்க வேண்டும். முறிந்த கால் அதற்குச் சம்மதிக்கவில்லை, ஒவ்வோர் அடிக்கும் பக்கவாட்டில் வீசியது. குகைக் கோயிலின் படியில் கால் வைக்கும்போது முட்டி பூட்டிக்கொண்டது. அப்படியே சாய்ந்து விழுந்தேன். எழ முடியவில்லை. அவர் இடது கையால் தூக்கப் பார்த்தார், அவராலும் முடியவில்லை. பக்கத்துக் கழனியில் நெல் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த இரண்டு பேரைக் கூப்பிட்டார். அவர்கள் என்னைத் தூக்கி டிராக்டரின் பின்பெட்டியில் மூட்டைகளுக்கு நடுவே கிடத்தினார்கள். ஊருக்குள் அப்படித்தான் போனேன். தெருவில் எல்லோரும் நின்று பார்த்தார்கள். அக்கா வாசலுக்கு வந்து, "சொன்னனா இல்லயா? ஒனக்கு இன்னாத்துக்கும்மா இந்த வேல?" என்று கேட்டார்.

நான் சொல்ல வந்ததைச் சொல்லாமலே வீடு திரும்பினேன்.

பிசியோதெரபிப் பெண்ணிடம் நடந்ததைச் சொன்னதும் கோபப்பட்டாள். நான் விடவில்லை. "விழுந்தா எப்படி எழுந்திருக்கிறதுன்னு சொல்லிக்கொடு. அது தெரிஞ்சா போதும்" என்றேன். அவள் பாயை விரித்தாள். விழுந்த இடத்திலேயே நல்ல பக்கமாகப் புரள வேண்டும். முழங்கைகளை ஊன்ற வேண்டும். நல்ல முட்டியைப் போட்டு, கோலை முன்னால் நட்டு, மூச்சை விட்டுக்கொண்டே எழ வேண்டும். ஒரு நாளைக்கு இருபது முறை விழுந்து எழுந்தேன். மாலையில் கடற்கரை மணலில் நடந்தேன். குடியிருப்பின் நீர்த்தொட்டிப் படிகளை ஏறி இறங்கினேன். மழைக்காலத்தில் வராந்தாவில் செங்கற்களைத் தாறுமாறாகப் பரப்பி அதன்மேல் நடந்தேன். கணவர் செங்கற்களைத் தாண்டித் தாண்டி அலுவலகம் போய்வந்தார். ஒரு கல்லையும் ஒதுக்கி வைக்கவில்லை.

தை பிறந்து பத்து நாள் கழித்து மறுபடி அந்த ஊரில் இறங்கினேன். விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. பனி இன்னும் விலகவில்லை. அலுமினிய ஊன்றுகோலைப் பார்த்த அக்கா, "இது சேத்துல பூந்துக்கும்" என்று சொல்லி, ஒரு மூங்கில் கழியை என் மார்பு உயரத்துக்கு வெட்டிக் கொடுத்தார். ஒரு டப்பாவில் இட்லியும் பொடியும் கட்டிக் கொடுத்தார்.

"இந்த வாட்டி டிராக்டர் கெடையாது. எல்லாம் கதிரடிக்கப் போய்கீது. பாத்துக்கோ."

"வேண்டாம்க்கா" என்றேன்.

ஊரின் கிழக்கு முனையில் அம்மன் கோயிலைத் தொட்டுக்கொண்டு கிளம்பினோம். எல்லை நெடுகிலும் கல் நட்டிருக்கிறார்கள், ஆடியில் அவற்றுக்குச் சுண்ணாம்பு அடித்து மஞ்சள் பூசுவார்கள் என்று அவர் சொன்னார். மழையில் சுண்ணாம்பு பாதி கரைந்து, கற்கள் திட்டுத்திட்டாக வெளுத்திருந்தன. ஏரி நிரம்பியிருந்தது. கரையின் இந்தப் பக்கம் பனைமரங்கள், அந்தப் பக்கம் தண்ணீரில் நாரைகள். மதகின் இரண்டு கல்தூண்களுக்குக் குறுக்கே கிடந்த உத்தரத்தில் எழுத்துகள் வெட்டியிருந்தன. கையால் தடவிப் பார்த்தேன். ஓரிரண்டு எழுத்து மட்டும் நம் எழுத்து போலத் தெரிந்தது.

"இன்னா எழுதிகீது மேடம்? படிச்சவங்க நீங்க."

"எனக்கும் தெரியலைண்ணா."

"ஆபீசருங்க வந்து பேப்பர் ஒட்டி மை அடிச்சி எடுத்துகினு போனாங்க. எங்களுக்கு ஒண்ணியும் சொல்லல."

மதகிலிருந்து இறங்கியதும் கழனிகள். சம்பா அறுப்பு பாதி முடிந்து, அறுவடை இயந்திரம் ஒரு மூலையில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. வரப்பு ஈரமாக இருந்தது. மூங்கில் கழியை முன்னால் ஊன்றி, பார்வையை அடுத்த அடியில் மட்டும் வைத்து நடந்தேன். கால் இந்த முறை வீசவில்லை. வலித்தது, ஆனால் சொன்னபடி கேட்டது. குகைக் கோயில் கண்ணில் பட்டபோது மணி ஒன்பதுகூட ஆகவில்லை.

பாறையின் முகத்தைக் குடைந்து இரண்டு தூண்களை விட்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் காவலர் சிலைகள், இடுப்பில் கை வைத்து, தடி மேல் சாய்ந்து. உள்ளே குளிர்ச்சியாக இருந்தது. படியில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டோம். நான் விழுந்த இடம் இதுதான் என்று அவர் காட்டினார். எனக்கு மறக்குமா? இங்கே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் ஒரு குடும்பம் குழந்தைகளோடு விளக்கேற்ற வந்துவிட்டது. எழுந்துவிட்டோம்.

குகைக்குப் பின்னால் நிலம் சிவந்து சரளையாக மாறுகிறது. புதருக்கு நடுவே பெரிய பெரிய கற்களை வட்டமாகப் புதைத்திருந்தார்கள். ஒன்றிரண்டல்ல, நடக்க நடக்க வந்துகொண்டேயிருந்தன. பழங்காலத்துச் சாவுக்குழிகள் என்று எங்கோ படித்திருந்தேன். அவர் பாண்டவர் குழி என்றார். ஒரு வட்டத்தின் ஓரமாக யாரோ பிளாட் போடும் வேலிக் கல்லை நட்டிருந்தார்கள். "இதுக்கு மேல வர முடியாது, காட்டு நெலம். அதான் தப்பிச்சிகீது" என்றார்.

அதற்கப்புறம் காடு. பெரிய மரக் காடு இல்லை. களாவும் காரையும் சூரையும் முள்ளோடு முள் கோத்து நிற்கிற கடற்கரைப் பக்கத்துக் காடு. இடையிடையே பாலை மரங்களும் குட்டை ஈச்சங்களும். பாதை ஒருவர் பின்னால் ஒருவர் போகிற அகலம்தான். அவர் முன்னால் போனார். அவருடைய முதுகு மட்டும் எனக்குத் தெரிந்தது. முகம் தெரியவில்லை. இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்லமாட்டேன் என்று தெரிந்தது.

"அண்ணா, அன்னைக்கு நான் அழுத்தச் சொன்னதை நீங்க யார்கிட்டயும் சொல்லலை. எனக்காகத்தான் மறைச்சீங்கன்னு தெரியும். பத்து மாசமா நான் உங்களுக்கு ஒரு நன்றிகூடச் சொல்லலை."

அவர் நின்றார். திரும்பினார்.

"இன்னா அழுத்த சொன்னீங்க?"

"வண்டியை. வேகமாப் போகச் சொன்னேனே. ரெண்டு தடவை."

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஒண்ணியும் ஞாபகம் இல்ல மேடம்" என்றார். "கோவளத்துல டீ குடிச்சது ஞாபகம் கீது. அப்பால ஆஸ்பத்திரிதான். மாடுன்னு போலீசு சொல்லித்தான் எனக்குத் தெரியும்."

"அண்ணா..."

"தூங்கிட்டேன்னு சொன்னானுங்க. மொத நாளு கல்யாண வூட்டுக்குப் போய்ட்டு லேட்டாதான் படுத்தேன். அதனால நானும் தூங்கிட்டேன்னு நெனச்சிகினு கீறேன். பத்து மாசமா." குரல் உயரவில்லை. "என் பொண்டாட்டி ஒனக்கு போன் பண்ணி கேட்டாளே. அப்ப இன்னா சொன்ன நீ?"

அதுவரை என்னை அவர் நீ என்று சொன்னதில்லை.

"தெரியலைன்னு சொன்னேன்."

அவர் திரும்பி நடக்க ஆரம்பித்தார். வேகமாக. நான் கூப்பிட்டேன். காரைப் புதர் அசைந்து அடங்கியது. அவர் போய்விட்டார்.

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். கைப்பேசியில் சிக்னல் இல்லை. பின்னால் திரும்பினால் குகைக் கோயில் வரை தெரிந்த வழி. விளக்கேற்ற வந்த குடும்பம் இன்னும் இருக்கலாம், அவர்கள் வண்டியில் ஏறிக்கொண்டு போய்விடலாம். முன்னால் எத்தனை தூரம் என்று தெரியாது. ஆனால் அவர் முன்னால்தான் போயிருக்கிறார். நான் சொன்னது பாதிதான். அதைப் பாதியில் விட்டுவிட்டு டிராக்டரில் போனதைப் போல இன்னொரு முறை ஊருக்குள் போக என்னால் முடியாது. முன்னால் நடந்தேன்.

கொஞ்ச தூரத்தில் பாதை மூன்றாகப் பிரிந்தது. மூன்றிலும் ஆட்டுப் புழுக்கை கிடந்தது. மூன்றிலும் ஈரத்தில் கால்தடங்கள் இருந்தன. எது அவருடையது என்று எனக்கு எப்படித் தெரியும்? எல்லைக் கல் ஞாபகம் வந்தது. முதல் பாதையில் இருபது அடி போய்ப் பார்த்தேன், இல்லை. திரும்பி வந்தேன். இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதில் ஒரு சூரைப் புதருக்கு அடியில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. கழியால் முள்ளை விலக்கினேன். கல்தான். மஞ்சள் கறைகூட ஒரு பக்கம் ஒட்டியிருந்தது. அதைத் தொட்டுவிட்டு அந்த வழியிலேயே போனேன்.

அடுத்த கல்லைக் கண்டுபிடிக்கும் முன்பே விழுந்தேன். சரிந்து கிடந்த ஒரு மரத்தைத் தாண்டும்போது வலது கால் பின்னால் மாட்டிக்கொண்டது. முகம் இலைச் சருகில் புதைந்தது. உள்ளங்கை கிழிந்து ரத்தம் வந்தது. மேலே எங்கேயோ மயில் கத்தியது. சிறிது நேரம் அப்படியே கிடந்து அழுதேன். அழுது முடித்த பிறகு நல்ல பக்கமாகப் புரண்டேன். முழங்கைகளை ஊன்றினேன். முட்டியைப் போட்டேன். கழியை நட்டேன். மூச்சை விட்டேன். முதல் முறை எழ முடியவில்லை. இரண்டாவது முறையும் முடியவில்லை. மூன்றாவது முறை நின்றுவிட்டேன்.

அதற்கப்புறம் ஒவ்வொரு கல்லாகத் தேடித் தேடிப் போனேன். ஏழு கல் வரை எண்ணினேன், பிறகு விட்டுவிட்டேன். காடு திடீரென்று முடிந்து வெளிச்சம் வந்தது. தண்ணீர்ச் சத்தம் கேட்டது. பக்கத்து ஊர் ஏரியின் கலங்கல். நிரம்பிய ஏரியின் உபரி நீர், நீளமான கல்தளத்தின் மேல் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வழிந்துகொண்டிருந்தது. அந்தக் கரையில் அவர் முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

என்னைப் பார்த்ததும் எழவில்லை. நான் தண்ணீரில் கால் வைத்தபோதுதான் எழுந்தார்.

"நடுவுல பாசி கீது. ஓரமா வா" என்றார்.

ஓரமாக நடந்தேன். தண்ணீர் கழியை இழுத்தது. பாதி வழியில் அவர் இறங்கி வந்து இடது கையை நீட்டினார். பிடித்துக்கொண்டேன். என் கையிலிருந்த ரத்தத்தைப் பார்த்தார். கரையேறியதும் துண்டைத் தண்ணீரில் நனைத்துக் கொடுத்தார்.

"திரும்பிப் போய்டுவேன்னு நெனச்சேன்" என்றார்.

"போகலை."

"சரி, மொத்தமா சொல்லு. எல்லாத்தையும் சொல்லு. எங்க இருந்து அழுத்துனேன், இன்னா பேசுனேன், எல்லாம்."

சொன்னேன். கோவளத்தில் அவர் டீ குடித்து வந்து ஏறியதிலிருந்து, ஒவ்வொன்றாக. மீட்டிங் இருந்தது. என் மேலதிகாரி காலையிலேயே இரண்டு முறை அழைத்திருந்தார். அந்தக் கோபத்தை வண்டி ஓட்டியவர் மேல் காட்டினேன். அவர் கண்ணாடியில் பார்த்தார்.

"பாத்து?"

"சிரிச்சீங்க. புடிச்சிக்கோங்க மேடம்னு சொன்னீங்க."

"சிரிச்சேனா?"

"ஆமா."

"அப்ப கண்ணு முழிச்சிகினுதான் இருந்தேன்."

"நல்லா முழிச்சிட்டுத்தான் இருந்தீங்க. மாட்டைப் பார்த்ததும் ஏதோ கத்தினீங்க. சட்டுனு திருப்பினீங்க. தூங்குறவரால அப்படித் திருப்ப முடியாதுண்ணா."

அவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. நான் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்தபடி நின்றேன். வெகுநேரம் கழித்துத்தான் துண்டை எடுத்தார்.

"நீ சொன்ன. ஆனா ஸ்டேரிங் என் கையிலதான இருந்துது. அழுத்துனது என் காலு. அது என் தப்பு, அத ஒத்துக்கறேன்" என்றார். "ஆனா நீ வாயத் தொறக்காம இருந்த பாரு, அதுதான் பேஜாரு. ராத்திரியெல்லாம் ஒக்காந்துகினு இருப்பேன் மேடம். தூங்கவே பயம். தூங்கித்தான் ஒரு பொம்பள கால ஒடச்சிட்டோமேன்னு."

"மன்னிச்சிருங்கண்ணா" என்றேன். அந்த வார்த்தை ரொம்பச் சிறியதாகக் கேட்டது.

"வா, வெயில் ஏறுது. இன்னும் நாலு கிலோமீட்டர் கீது" என்று சொல்லி அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார்.

அந்த நாலு கிலோமீட்டரும் நடந்தோம். சவுக்குத் தோப்பில் உதிர்ந்த ஊசிகள் காலுக்கு மெத்தென்று இருந்தன. தர்பூசணி நட்டிருந்த மணல் கொல்லைகளில் கொடி அப்போதுதான் படர ஆரம்பித்திருந்தது. பழைய ரோட்டில் ஒரு சத்திரம் நிற்கிறது, கூரை போய், கல்தூண்கள் மட்டும். உள்ளே அரசமரம் வளர்ந்து சுவரைப் பிளந்திருக்கிறது. அதன் நிழலில் ஆடுகளை மேய்க்கும் பெண்கள் இருவர் உட்கார்ந்து, "எங்கேர்ந்து வர்றீங்க?" என்று கேட்டார்கள். "எல்லைய சுத்திகினு" என்று அவர் சொன்னதும், ஒரு பெண் என் காலைப் பார்த்து, "இந்தக் காலோடயா?" என்றாள். ஒவ்வோர் எல்லைக் கல்லுக்கும் ஒரு முறை உட்கார்ந்தேன். அவர் ஒவ்வொரு முறையும் காத்திருந்தார். முன்னால் போகவில்லை.

வீட்டில் நுழைந்தபோது மணி ஒன்றரை. அக்கா என் சேற்றையும் கையையும் பார்த்தார். "முழுசாவா?" என்று கணவரைக் கேட்டார். அவர் தலையாட்டிவிட்டு, "மேடம் ஒண்ணு சொல்லணுமாம், கேளு" என்று சொல்லிவிட்டுக் கொல்லைப் பக்கம் போய்விட்டார்.

நின்றுகொண்டே சொன்னேன். போனில் அன்றைக்கு நான் சொன்னது பொய் என்று சொன்னபோது அவர் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார்.

"ஒக்காரு" என்றார். "சோறு போடறேன். துன்னு. துன்னுட்டு இரு. அப்பால பேசறேன்."

சோறும் கத்திரிக்காய்க் குழம்பும் போட்டார். நான் சாப்பிட்டு முடித்தேன். இலையை எடுத்துப் போட்டுவிட்டு வந்து என் எதிரே உட்கார்ந்து ஆரம்பித்தார். அரை மணி நேரம் திட்டினார். என் படிப்பைத் திட்டினார், என் வேலையைத் திட்டினார். கடைசியில் அழுதுகொண்டே, "நானும்தாம்மா சொன்னேன். தூங்கிட்டியே, தூங்கிட்டியேன்னு. கல்யாண வூட்டுக்கு நான்தான் கூட்டினு போனேன். அந்தக் கோவத்துல தெனமும் சொன்னேன்" என்றார். பதில் சொல்லும் உரிமை எனக்கு இல்லை.

மறுநாளே நடந்ததை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். விபத்து வழக்கை நடத்தும் வக்கீல் படித்துவிட்டு, "இதனால கேஸ்ல பெரிய மாற்றம் வராது மேடம். வேகம் வேகம்தான். உங்களுக்குத்தான் கெட்ட பேரு" என்றார். பரவாயில்லை, சேர்த்துக்கொள்ளுங்கள் என்றேன். ஓட்டுநரையும் அழைத்துக்கொண்டு ஒப்பந்தக்காரரிடம் போனேன். அவர் கடிதத்தைப் பாதி படித்துவிட்டு, "இப்ப இன்னா பண்ண சொல்றீங்க?" என்று திருப்பிக் கொடுத்தார். வேலை கொடுக்கவில்லை. நான் என் அலுவலகத்திலும் சொன்னேன். மேலதிகாரி சங்கடத்தோடு கேட்டுக்கொண்டார். சில நாள் என்னோடு சாப்பிட உட்கார்ந்தவர்கள் குறைந்தார்கள்.

ஆனால் கடிதத்தின் நகல் ஓட்டுநரின் சட்டைப் பையில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு அவர் விடாமல் அலைந்தார். நான்கு இடத்தில் முடியாது என்றார்கள். பொத்தேரியில் மாணவர் பஸ்களை நடத்தும் ஒருவர் முழுவதையும் படித்தார், அவருடைய கையைப் பார்த்தார், பஸ்ஸை எடுக்கச் சொல்லி ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து போனார். பங்குனியில் அண்ணா வேலையில் சேர்ந்தார். விரல்கள் இன்னும் முழுதாக மடங்கவில்லை. ஸ்டேரிங்கில் துணி சுற்றி வைத்துக்கொண்டு ஓட்டுகிறார். அவர் என்னை மன்னித்தாரா என்று நான் கேட்கவில்லை. மாதம் ஒருமுறை போன் செய்வார், என் காலைப் பற்றிக் கேட்பார். மறுபடி நீங்க என்றுதான் பேசுகிறார்.

போன ஆடியில் கரகம் கிளம்பிய அன்று என்னையும் வரச் சொன்னார்கள். அந்த ஊரில் பெண்கள் ஏரிக்கரை வரை போய்த் திரும்பிவிடுவது வழக்கம். மதகருகே எல்லோரும் நின்று கும்பிட்டுத் திரும்பியபோது, அக்கா சேலையைத் தூக்கிச் செருகினார்.

"இருவது வருஷமா இந்த ஊர்ல வாழ்க்கப்பட்டு கீறேன். அந்தக் கொகக் கோயிலுக்கு அந்தாண்ட இன்னா கீதுன்னு பாத்ததில்ல. நட" என்றார்.

ஊர்ப் பெரியவர் ஒருவர் ஏதோ சொல்ல வந்தார். அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வரப்பில் இறங்கிவிட்டார். அவருக்குப் பின்னால் நான் இறங்கினேன். எங்களுக்குப் பின்னால் இன்னும் ஐந்தாறு பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், பிறகு செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு அவர்களும் வரப்பில் இறங்கினார்கள்.